பழைய கருமருந்து ரிவால்வர்: பழுதுபார்த்ததும் துடைத்ததும்

என் கைக்கு வந்தது 1851 மாதிரி கோல்ட் நேவி, லண்டனில் செய்தது. சாமுவேல் கோல்ட் 1853 முதல் 1856 வரை லண்டனில் ஒரு தொழிற்சாலை நடத்தினார். குழலின் மேல் அந்த நகரின் முகவரியும், உருளையில் பிரிட்டிஷ் சோதனை முத்திரைகளும் இருந்ததால் பிறப்பிடத்தில் சந்தேகம் எழவில்லை. சந்தேகமெல்லாம் அதன் உடல்நிலையைப் பற்றித்தான். சுடுவதற்காகப் பின்னுக்கு இழுக்கும் சுத்தியல் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. மருந்தும் குண்டும் நிரப்பும் உருளை அசையவில்லை. “எண்ணெயில் ஊறப்போடுங்கள், தானாக விட்டுக்கொடுக்கும்” என்று விற்றவர் சொன்னார். இந்த அறிவுரையைப் பலரிடமும் கேட்டிருக்கிறேன். பாதிதான் சரி.

கருமருந்து என்பது ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அது எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு போன்ற உப்புகள் அதில் இருக்கின்றன. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிப்பது அந்தப் படிவுதான். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. படிவு இருக்கும் இடத்தில் எண்ணெயை ஊற்றினால் அழுக்கை அப்படியே மூடிப் பத்திரப்படுத்துகிறோம், அவ்வளவுதான். துருப்பிடித்த திருகை இளக்க எண்ணெய், எரிந்த கரிப்படிவை எடுக்கத் தண்ணீர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் கையில் பல நல்ல ரிவால்வர்கள் வீணாகிப்போயிருக்கின்றன.

உருளையின் அறைகள் ஆறும் வெறுமையாக இருப்பதை உறுதிசெய்த பிறகே ஆப்பைத் தட்டினேன். கோல்ட்டில் குழலைச் சட்டத்தோடு பிணைத்திருப்பது அந்த ஒரு தகட்டு ஆப்புதான். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் அதன் முனை காளான் போல விரிந்துவிடும், பிறகு வெளியே வராது. இடையில் ஒரு பித்தளைத் துண்டு வைத்து, மெதுவாகப் பல தட்டுகள் தட்டினேன். குழல் கழன்றது. நடுத்தண்டோடு ஒட்டிக்கிடந்த உருளை, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறிய பிறகு ஒரு கறுத்த குழம்பை விட்டுவிட்டு நழுவி வந்தது.

சுத்தியல் சிக்கிய காரணம் உள்ளே இருந்தது. மருந்தைப் பற்றவைக்கும் சிறு செம்புத் தொப்பிதான் கேப். வெடித்த கேப்பின் செம்புத் துணுக்குகள் சுத்தியலுக்கு அடியில் விழுந்து, கரியோடு சேர்ந்து இறுகிக் கிடந்தன. கோல்ட்டின் திறந்த வடிவமைப்புக்கு இது பரம்பரை நோய். சுத்தியல் பின்வாங்கும்போது கிழிந்த கேப்பும் அதோடு சேர்ந்து வந்து உள்ளே விழுந்துவிடும். வெளியிலிருந்து எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் செம்புத் துண்டு கரையாது. கைப்பிடியையும் பின்தகட்டையும் கழற்றி, சட்டத்தின் மூன்று திருகுகளையும் எடுத்து, சுத்தியலை வெளியே கொண்டுவந்தால்தான் விடிவு.

துருவை எடுப்பதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். உப்புத்தாளும் சுழலும் கம்பித் தூரிகையும் அருகில் வரவே கூடாது. நேவியின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பதிக்கப்பட்டிருக்கும். 1843 மே 16 அன்று மெக்சிகோவின் காம்பேச்சே அருகே டெக்சஸ் கடற்படை நடத்திய போர் அது. அந்தப் பதிப்பு மிக ஆழமற்றது. ஒரு மாலை நேரத்து உற்சாகத்தில் அதைத் தேய்த்து வெள்ளிபோல் பளபளக்க வைத்துவிட்டு, பெருமையாகப் படம் எடுத்துக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கப்பல்கள் திரும்பி வரப்போவதில்லை.

நான் செய்தது இதுதான்: சிவப்புத் துரு இருந்த பாகங்களை எண்ணெய்ப்பசை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் போலக் கொதிக்கவிட்டேன். சிவப்பு இரும்பு ஆக்சைடு கறுப்பு மேக்னடைட்டாக மாறுகிறது. மேலே மெத்தென்று நிற்கும் தூளை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால், கீழே பழைய கருநிறம் அப்படியே இருக்கும். உலோகம் எதையும் இழப்பதில்லை. சாதாரணக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்துவிடும்.

*

மேலே எழுதியவருக்கு வணக்கம். நான் பட்டறைக்காரன், அதனால் திருகுகளைப் பற்றி மட்டும்.

பழைய துப்பாக்கித் திருகின் தலைப்பள்ளம் மிகக் குறுகலாக, இரு பக்கச் சுவரும் நேராக இருக்கும். கடையில் வாங்கும் திருப்புளியின் முனையோ ஆப்பு போலச் சரிந்திருக்கும். அது பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து, வழுக்கி, சட்டத்தின் மேல் ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் நிற்கும். ஒவ்வொரு திருகுக்கும் முனையைத் தனித்தனியாகச் சாணை பிடித்து, பள்ளத்தின் அடிவரை ஆடாமல் உட்காரச் செய்யுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்படுகிறவர் ரிவால்வரைக் கழற்றவே வேண்டாம்.

இறுகிய திருகுக்கு அசிட்டோனும் தானியங்கிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்த கலவை நன்றாக ஊடுருவும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும், ஊற்றிய இடத்தின் அருகில் நெருப்பு கூடாது. கழற்றிய திருகுகளை ஓர் அட்டையில் ரிவால்வரின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்திவைப்பது என் வழக்கம். ஒரே மாதிரி தெரியும் இரண்டு திருகுகள் உண்மையில் ஒரே மாதிரி இருப்பதில்லை, கையால் பொருத்திய காலம் அது. உடைந்த திருகுக்கு இத்தாலிய நகல் ரிவால்வரின் திருகை வாங்கித் திணிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நகல்களில் மெட்ரிக் புரி இருக்கும். முதல் இரண்டு சுற்று போவதுபோல் போகும், மூன்றாவதில் சட்டத்தின் புரியைத் தின்றுவிடும்.

அடுத்தது ஸ்பிரிங். விரலால் இழுக்கும் விசையையும், உருளையை நிறுத்திப் பிடிக்கும் பூட்டையும் ஒன்றாகத் தாங்கும் இரட்டைக்கால் தகடு ஒன்று இருக்கிறது. கோல்ட் வகையில் அடிக்கடி உடைவது அதன் மெல்லிய கால்தான். புதிதாக ஸ்பிரிங் எஃகில் அறுத்துச் செய்யலாம். அரத்தின் கீறல்கள் நீளவாக்கில் மட்டும் இருக்கவேண்டும், குறுக்குக் கீறல் ஒன்று மிஞ்சினாலும் முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். கடினப்படுத்திய பிறகு எஃகில் நீல நிறம் வரும்வரை சூடாக்கிப் பதம் இறக்கவேண்டும். சுத்தியலை இயக்கும் பெரிய ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாக இருந்தால் தொடாதீர்கள்.

பூட்டின் நேரம் சரியா என்று பார்க்க ஒரு வழி: காலியான ரிவால்வரில் உருளையை விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுத்தியலை மெல்லப் பின்னால் இழுங்கள். சுத்தியல் முழுதாக நிற்பதற்குள் பூட்டு பள்ளத்தில் விழும் சத்தம் கேட்கவேண்டும். ஆறு அறைக்கும் பாருங்கள். ஏதாவது ஓர் அறைக்குக் கேட்காவிட்டால், உருளையைத் தள்ளும் கரம் தேய்ந்திருக்கிறது என்றோ உருளையின் பின்பற்களில் ஒன்று தேய்ந்திருக்கிறது என்றோ கொள்ளலாம்.

*

நான் அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவள். முதல் பதிவில் “அறைகள் வெறுமை” என்று ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். அதையே ஒரு பக்கம் எழுதலாம்.

மருந்து நிரப்பியபடியே நூறாண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த ரிவால்வர்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கருமருந்துக்குக் காலாவதி கிடையாது, நனையாமல் இருந்தால் இன்றும் எரியும். உருளையின் முன்பக்கம் விளக்கு அடித்துப் பாருங்கள். ஈயக் குண்டின் மங்கிய சாம்பல் நிறமோ, காய்ந்துபோன மெழுகுப் பூச்சோ தெரியலாம். ஒரு மெல்லிய மரக்குச்சியை அறைக்குள் விட்டு அளந்து, வெளிப்புற நீளத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. ஆறு அறைகளும் ஒரே ஆழம் காட்டுகின்றன என்பது மட்டும் போதாது, ஆறுமே நிரம்பியிருக்கலாம். நிரம்பியிருந்தால் நிப்பிளை (கேப்பை மாட்டும் சிறு குழாய்) சூடாக்குவது, குண்டைத் துளையிட்டு எடுப்பது போன்ற வீரச்செயல்கள் எதுவும் வேண்டாம். அனுபவமுள்ள துப்பாக்கித் தொழிலாளியிடம் கொண்டுபோங்கள். நனைத்துவிட்டால் ஆபத்து நிரந்தரமாகப் போய்விட்டது என்றும் நம்பவேண்டாம், மருந்து காய்ந்தால் மறுபடியும் எரியக்கூடும்.

இன்னொன்று, பெட்டி. அழகான ஓக் மரப்பெட்டியோடு வரும் ரிவால்வர்களில் குண்டுகள்மீது வெள்ளைத் தூள் படிந்திருப்பதைக் காணலாம். ஓக் மரம் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிப்பதால் வருவது அது. ஈய உப்பு நஞ்சு. ஊதித் துடைக்காதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குண்டுகளைத் தனியே வையுங்கள்.

சுத்தம் செய்து முடித்த உலோகத்தின்மேல் நான் எண்ணெய் விடுவதில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தடவுகிறேன். எண்ணெய் நாளடைவில் வடிந்து கைப்பிடி மரத்தில் ஊறிக் கறுக்கும், தூசியையும் பிடிக்கும். ஆனால் இது காட்சிக்கு வைப்பதற்கான முறை. சுடுகிறவர்களுக்கு வேறு கணக்கு.

*

சுடுகிறவன் நான்தான். பழைய பொருளில் அல்ல, 1858 ரெமிங்டனின் இத்தாலிய நகலில், உரிமத்தோடு, பயிற்சித் தளத்தில்.

ஒரு மாறுபட்ட கருத்து. கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொல்பவர்கள் பெரும்பான்மை. இரும்பு சூடேறித் தானே காய்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நானும் அதைத்தான் பின்பற்றிவந்தேன். துணியில் ஒவ்வொரு முறையும் மெல்லிய செம்மண் நிறம் வரும். சூடான ஈர இரும்பில் அந்தக் காய்கிற நேரத்துக்குள்ளேயே துரு பூத்துவிடுகிறது. இப்போது வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு துளி பாத்திரச் சோப்பும் மட்டும். அலசியதும் துணியால் துடைத்து, ஈரத்தை விலக்கும் எண்ணெய் தெளித்து, அதையும் துடைத்துவிடுகிறேன். துணி வெள்ளையாகவே வருகிறது. முதல் பதிவர் அருங்காட்சிப் பொருளைக் கொதிக்கவைத்தது வேறு நோக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

ரெமிங்டனில் சட்டம் மேலேயும் மூடியிருக்கும். உறுதி அதிகம், கழற்றுவதும் சுலபம். ஆனால் உருளை சுழலும் ஊசி மெல்லியது, கோல்ட்டின் பருத்த நடுத்தண்டு போலக் கொழுப்பைப் பிடித்துவைக்கும் பள்ளங்கள் அதில் இல்லை. அதனால் கரி சீக்கிரம் இறுக்கிவிடும். சுடுவதற்கு முன் அந்த ஊசியில் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த பசையைத் தடவிவைப்பேன். கனிம எண்ணெய் கருமருந்தோடு சேர்ந்தால் தார் போலாகிவிடும், தேய்த்து எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

நிப்பிள்களை ஒவ்வொரு முறையும் கழற்றுங்கள். அவற்றின் புரிகளில் ஒரு துளி உயர்வெப்பம் தாங்கும் மசகு போட்டு, கை இறுக்கத்துக்கு மேல் போகாமல் பூட்டினால் போதும். பட்டறைக்காரர் சொன்ன திருப்புளி விதி இதற்கும் பொருந்தும். நிப்பிளின் சதுரத்தில் சரியாக உட்காராத சாவி, இரண்டே தடவையில் மூலைகளை வழித்துவிடும்.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கலாம். உறை தோளில் தொங்கும்போது நன்றாகத்தான் இருக்கும், அலமாரிக்குள் போகும்போது ரிவால்வர் வெளியே, உறை தனியே.

*

முதல் பதிவரேதான். அருங்காட்சியக அம்மா சொன்ன மரக்குச்சி அளவை நானும் எடுத்தேன், எழுதாமல் விட்டது உண்மை. கொதிக்கவைக்கும் முன் கைப்பிடி மரத்தைக் கழற்றினீர்களா என்று தனியே ஒருவர் கேட்டிருந்தார். கழற்றினேன். வால்நட் மரம் தண்ணீர் பட்டால் வீங்கி, காயும்போது விளிம்பில் வெடிக்கும். உள்பக்கத்தில் ரிவால்வரின் தொடர் எண் மையால் எழுதியிருந்தது, அதனால் ஈரத்துணியால்கூட அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. சட்டம், குழல், உருளை, ஆப்பு எல்லாவற்றிலும் அதே எண். ஆப்பில் மட்டும் கடைசி சில இலக்கங்கள். மரத்தில் அந்த மை அழிந்துபோனால், கைப்பிடி அந்த ரிவால்வருக்கே உரியது என்று காட்ட வேறு வழி இல்லை.