பெயர் வெளியே வராமல் புகார் கொடுக்க வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஊர் என்று சொல்ல முடியாத நிலை, மன்னிக்கவும்.

அவளுடைய வார்டு இருப்புப் பதிவேட்டில் ஆன்டிபயாடிக் ஊசி வந்ததாகவும் நோயாளிகளுக்குப் போட்டதாகவும் கணக்கு இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் காலி. நோயாளியோடு வந்தவர்கள் கையில் துண்டுச் சீட்டைக் கொடுத்து வெளிக்கடையில் வாங்கிவரச் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு பாட்டி காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டு வந்தாராம். சிபாரிசோடு வருபவருக்கு மட்டும் அதே ஊசி எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

தலைமை நர்ஸிடம் சொன்னதற்கு, "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று பதில். அடுத்த நாளே நைட் டூட்டி. 17பி மெமோ (வேலையே போகக்கூடிய அளவுக்குப் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ) வருமோ என்று பயப்படுகிறாள்.

நான் தேடியவரை, தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. மத்திய கண்காணிப்பு ஆணையத்தின் ரகசியப் புகார் ஏற்பாடு மாநில ஊழியர்கள் மீதான புகாருக்குப் பொருந்தாது. எனக்குத் தெரிந்து மிச்சம் இருப்பது லஞ்ச ஒழிப்புத் துறையும் ஆர்டிஐயும் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) தான். ஆர்டிஐ மனுவில் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதனால் நானே என் பெயரில் பதிவேட்டு நகல் கேட்கலாமா? இல்லை, எங்கள் வீட்டு முகவரியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களா? கையெழுத்தில்லாத புகாரை லஞ்ச ஒழிப்புத் துறை விசாரித்த அனுபவம் யாருக்காவது உண்டா? பதிவேட்டை அவள் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள், அதுவே அவளுக்கு வினையாகுமா?

சங்கத்தில் இருப்பவர்கள், வழக்கறிஞர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இன்பாக்ஸில் வாருங்கள்.