பாப்பாவுக்கு டயப்பர் மாற்றும்போது தொடையிடுக்கெல்லாம் சிவந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

சிப்புட் அப்பா:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். முதல் குழந்தை, மகள், பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. மனைவிக்கு ஆபரேஷன், குனிந்து நிமிர முடியவில்லை, அதனால் டயப்பர் மாற்றுவது, கழுவி விடுவது எல்லாம் நான்தான் பார்க்கிறேன், விருப்பத்தோடுதான் பார்க்கிறேன். நேற்றிலிருந்து பாப்பாவின் பின்பக்கமும் தொடையிடுக்கும் சிவந்து கிடக்கிறது, வெட் டிஷ்யூ பட்டாலே வீறிட்டு அழுகிறாள். டயப்பரை நிறுத்திவிட்டு லம்பின் (துவைத்துத் துவைத்துக் கட்டும் துணி டயப்பர்) கட்டு, நிறைய பவுடர் போடு என்கிறார் அம்மா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டிய துணிகளைக்கூட அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார், பாச்சை உருண்டை வாசம் இன்னும் அடிக்கிறது. ராத்திரி டயப்பர் மாட்டினால்தான் எல்லாரும் தூங்கலாம் என்கிறாள் மனைவி. எது சரி? ராத்திரியில் எழுப்பி மாற்ற வேண்டுமா? தொப்புள்கொடி இன்னும் விழவில்லை, அதன்மேல் டயப்பர் படலாமா?

பகாவ் அக்கா:
தம்பி, டயப்பரா துணியா என்பதைவிட ஈரம் எவ்வளவு நேரம் தோலில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். நம்ம ஊர் புழுக்கத்தில் எதைக் கட்டினாலும் ஈரத்தோடு விட்டால் சிவக்கும். மூன்று பிள்ளைகளுக்கும் நான் பார்த்தது இதுதான். புண் ஆறும்வரை வெட் டிஷ்யூவை ஒதுக்கி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், பெண் குழந்தை என்பதால் எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான், மலம் முன்பக்கம் வந்தால் கிருமி சிறுநீர் வழிக்குள் போய்விடும். துடைத்த கையோடு மூடிவிடாதீர்கள். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, மடிப்பெல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு சிங்க் ஆக்ஸைடு கலந்த கிரீமைத் தடிமனாகப் பூசுங்கள், ஃபார்மசியில் கேட்டால் கொடுப்பார்கள். அடுத்த முறை மாற்றும்போது அந்த கிரீமை முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டாம், அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே பூசலாம். பகலில் கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் ஒரு துண்டின்மேல் போட்டு வையுங்கள், துண்டு நனைந்தால் நனையட்டும்.

பவுடர் வேண்டாம். தூள் மூச்சுக்குள் போகும், ஈரத்தோடு சேர்ந்து மடிப்பில் கட்டியாக நிற்கும்.

தொப்புளுக்குக் கீழே இருக்கும்படி டயப்பரின் முன் ஓரத்தை மடித்து விடுங்கள், கொடி காற்றோட்டமாக இருந்து காய்ந்து தானாக விழும்.

முன்னாள் மிஸி:
கிளினிக்கில் பல வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பழைய துணிகளைக் கட்டாதீர்கள். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை வேகமாக ஏற்றும், கவனிக்காமல் விட்டால் மூளையையே பாதிக்கும். நம் மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிப்பார்கள், பாப்பாவின் கிளினிக் புத்தகத்தில் எழுதியிருக்கும், பாருங்கள். குறைபாடு இல்லை என்றாலும் அந்த வாசம் அடிக்கும் துணி பச்சைக் குழந்தைக்கு வேண்டாம், அலமாரியிலிருந்து உருண்டையையும் எடுத்துவிடுங்கள். அம்மா ஆசையோடு எடுத்து வைத்தது, பக்குவமாகச் சொல்லுங்கள். துணிதான் கட்ட வேண்டுமென்றால் புது லம்பின் வாங்கித் துவைத்து வெயிலில் காய வையுங்கள், துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்ச விடாது.

சிவப்பு இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, அல்லது மடிப்புக்குள் பளிச்சென்று சிவந்து சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், வேறு மருந்து தேவை. வீட்டில் கிடக்கும் தோல் கிரீம் எதையும் நீங்களாகப் பூசாமல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். காய்ச்சல், கொப்புளம், சீழ் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

டயப்பரைச் சுருட்டிப் போடுமுன் உள்ளே ஒரு பார்வை பாருங்கள். இந்த வயதில் 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை நன்றாக நனைந்திருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் மஞ்சளாக, தண்ணியாகத்தான் இருக்கும், ஒவ்வொரு முறை குடித்ததும் போனாலும் பயமில்லை. வெளிறி, சுண்ணாம்பு நிறத்தில் போனால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், ஈரலில், பித்தக் குழாயில் கோளாறு இருக்கலாம்.

சிப்புட் அப்பா:
ரொம்ப நன்றி அக்கா, மிஸி. புத்தகத்தைப் பார்த்தேன், ஜி6பிடி நார்மல் என்று இருக்கிறது. இருந்தாலும் துணிகளை அம்மாவிடம் சொல்லி வெளியே எடுத்துவிட்டேன், காரணத்தைச் சொன்னதும் அவரே உருண்டைகளைத் தேடித் தேடி எடுத்தார். ராத்திரி விஷயம்?

பகாவ் அக்கா:
மலம் போயிருந்தால் எந்த நேரமானாலும் உடனே மாற்றிவிடுங்கள். வெறும் சிறுநீர் என்றால், தோல் ஆறிய பிறகு தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை. இப்போது சிவந்திருப்பதால் ஒவ்வொரு முறை பாலுக்கு எழும்போதும் மாற்றுங்கள். ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மாற்றிவிட்டு அடுத்த பக்கம் கொடுக்கச் சொல்லுங்கள், பாதிப் பிள்ளைகள் குடிக்கும்போதுதான் போவார்கள், மாற்றியதும் மீதிப் பாலைக் குடித்தபடியே தூங்கிவிடுவாள். தண்ணீர் பிளாஸ்கையும் பஞ்சையும் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை முதலில் உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள்.