ஆடும் காலைக் காட்டாத கேமராவும் நம் ஓட்டும்: ஸ்ட்ரிக்ட்லி பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி

வாசுகி (ஹாரோ):

இங்கே ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் பார்ப்பவர்கள் இருக்கிறீர்களா? பிரபலங்கள் தொழில்முறை நடனக்காரர்களோடு ஜோடி சேர்ந்து ஆட, நடுவர் மதிப்பெண்ணையும் நம் ஓட்டையும் சேர்த்து வாராவாரம் ஒரு ஜோடியை வெளியே அனுப்பும் அந்த டிவி போட்டிதான். எனக்கு ஒரு கேள்வி. அதோடு பல வருஷ ஆதங்கமும் ஒட்டிக்கொண்டு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 மே மாதம் பிபிசியில் இந்த நிகழ்ச்சி தொடங்கியபோது நான் லண்டனுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மாவு அரைத்து வைத்துவிட்டு டிவி முன்னால் உட்காருவேன். யாரையும் தெரியாத ஊரில், ஆட்டம் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. திருச்சியில் பதினொரு வருஷம் பரதம் கற்றவள் நான். எங்கள் டீச்சர் முதல் இரண்டு வருஷம் தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படை அசைவுகளைத் தாண்டி எதையும் தொடவிடவில்லை. கையில் தட்டுக்கழி, கண் எங்கள் பாதத்தில். முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததாகவே நினைவில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. யார் ஆடினாலும் என் பார்வை முதலில் தரைக்குத்தான் போகும்.

மேலை நடனத்திலும் உண்மை காலில்தான் இருக்கிறது என்பது பார்க்கப் பார்க்கப் புரிந்தது. வால்ட்ஸில் முன்னே வைக்கும் அடி குதிகாலில் இறங்க வேண்டும். பிறகு பாதம் உருண்டு விரல்நுனிக்கு ஏறி, மூன்றாவது எண்ணிக்கை முடியும்போது மெல்லக் கீழே வர வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் இல்லையென்றால் அது வெறும் நடை. டாங்கோவுக்கு நேர்மாறான சட்டம்: ஏறவே கூடாது. முழங்கால் இளகியிருக்க, தலை ஒரே மட்டத்தில் போக வேண்டும். அரைமண்டியில், அதாவது முழங்காலை மடித்து அரையாக உட்கார்ந்தபடி, அடவு செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தலை மேலும் கீழும் ஆடினால் எங்களுக்குத் தட்டு விழும். சாச்சாவிலும் ரும்பாவிலும் உடம்பின் எடை விழுகிற கால் நேராக நீள வேண்டும். இடுப்பசைவு அங்கிருந்து பிறப்பது. முழங்கால் மடங்கியே கிடந்தால், இடுப்பைத் தனியாக ஆட்டுகிறார் என்று அர்த்தம்.

இவ்வளவும் இருக்க, கேமரா எங்கே போகிறது? முகத்துக்கு. அங்கிருந்து கைதட்டும் கூட்டத்துக்கு. அப்புறம் ஒரு சுற்று சுற்றி மறுபடியும் முகத்துக்கு. ஆட்டமே ஒன்றரை நிமிடம்தான். அதில் கால் தெரியும் நேரத்தை நான் பொறுக்கியெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முடிந்ததும் நடுவர் கிரேக் ரெவல் ஹார்வுட் "குதிகால் வைக்கவில்லை" என்ற மாதிரி ஏதாவது குறை சொல்வார். சரியாகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் எனக்கு அது தெரியவே இல்லையே!

என் கணவருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. "யாரைப் பார்த்தால் மனசு நிறைகிறதோ அவருக்குப் போடு" என்கிறார். அப்படிப் போடுவதால்தான் நன்றாக ஆடுகிறவர், வெளியேறும் ஆபத்தில் இருக்கும் கடைசி இரண்டு பேரில் வந்து நிற்கிறார் என்பது என் வாதம். 2018 இல் ஆஷ்லி ராபர்ட்ஸும் ஃபே டோசரும் மதிப்பெண்ணில் அவ்வளவு உயரத்தில் நின்றார்கள். கோப்பை ஸ்டேசி டூலிக்குப் போனது. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கேள்வி இதுதான். கால் சரியாகத் தெரியாத ஆட்டத்துக்கு நீங்கள் எதை வைத்து ஓட்டுப் போடுகிறீர்கள்?

---

சேகர் (ஈஸ்ட் ஹாம்):

வணக்கம் அக்கா. நான் கல்யாணம், பூப்புனித நீராட்டு, அரங்கேற்றம் எல்லாம் வீடியோ எடுப்பவன். கேமரா பக்கத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன்.

அரங்கேற்றத்துக்கு மூன்று கேமரா வைப்போம். ஒன்று பின்வரிசையில், அசையாமல், மேடை முழுக்கத் தெரியும்படி. மற்ற இரண்டும் நெருக்கத்துக்கு. படம் கொடுத்த பிறகு அம்மா போன் செய்து "பிள்ளையின் முகம் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம்" என்பார். அதே வாரம் குரு போன் செய்து "தில்லானாவில் கால் எங்கே தம்பி?" என்பார். இப்போதெல்லாம் இரண்டு பிரதியாகவே கொடுத்துவிடுகிறேன். வெட்டித் தொகுத்தது வீட்டுக்கு, அசையாத கேமராவில் எடுத்தது குருவுக்கு.

டிவிக்கு ஒரே பிரதிதான். அங்கே ஆடுபவர் தெரிந்த முகம், அந்த முகத்துக்காக உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். ஆனால் உங்கள் கோபம் புதிதில்லை அக்கா. 1930களிலேயே ஹாலிவுட் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் தன் ஆட்டத்தைத் தலையிலிருந்து பாதம் வரை முழு உருவமாக, முடிந்தவரை வெட்டாமல் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். தொழில் பழக நான் அவர் படங்களைத்தான் போட்டுப் பார்த்தேன். கேமரா அவர் கூடவே நகரும், ஆனால் குறுக்கே வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் பிள்ளை ஓர் அடவைத் தவறவிட்டால் நான் உடனே முகத்துக்குப் போய்விடுவேன். பத்து வருஷம் உழைத்த பிள்ளை, அந்த ஒரு வினாடி ஆயுசுக்கும் படத்தில் இருக்க வேண்டாம் என்று தோன்றும். முதல் தடவை வால்ட்ஸ் ஆடுகிறவரைப் படம் பிடிக்கிற எவருக்கும் அப்படித் தோன்றாமல் இருக்காது.

---

நாகேஸ்வரி (க்ரொய்டன்):

வாசுகி பிள்ளை, நானும் முதல் வருடத்திலிருந்து பார்ப்பவள். உம்முடைய கணவர் பக்கம்தான் நான்.

முதலில் கணக்கைப் பாரும். நன்றாக ஆடுகிறவர் கீழே வருவதற்கு மக்கள் மட்டும் காரணமில்லை. நடுவர்கள் நாற்பதுக்குக் கொடுப்பது அப்படியே சேர்வதில்லை, அது வரிசையாக மாறுகிறது. 12 ஜோடி இருந்தால், நடுவர் பட்டியலில் முதலாவதற்கு 12 புள்ளி, கடைசிக்கு 1. மக்கள் வாக்கிலும் அதே மாதிரி 12 முதல் 1 வரை. இரண்டையும் கூட்டுவார்கள். நடுவரிடம் முதலாவதாகவும் மக்களிடம் கடைசியாகவும் வந்தால் 13. நடுவரிடம் கடைசி, மக்களிடம் முதல் என்றாலும் அதே 13. சமமாக வந்தால் மக்கள் வாக்கில் மேலே நின்றவருக்குத்தான் சாதகம். நடுவில் 7, 7 என்று அமைதியாக நிற்பவர் 14 எடுத்து இரண்டு பேரையும் தாண்டிப் போய்விடுவார். பட்டியலின் உச்சியில் இருக்கிறவருக்கு வாக்குத் தேவையில்லை என்று நினைத்து நாம் சும்மா இருந்தால் அவர் விழுவது இப்படித்தான்.

இந்தக் கணக்கு ஒருமுறை அவர்களையே மாட்டிவிட்டது. 2008 அரையிறுதியில் மூன்று ஜோடிகள். ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் நடுவர்களிடம் சமம். இருவருக்கும் 3, டொம் சேம்பர்ஸுக்கு 1. மக்கள் வாக்கில் டொம் முதலாவதாக வந்தாலும் அவருக்கு 4தான். மற்ற இரண்டு பேரும் 5, 4 என்று வருவார்கள். எத்தனை பேர் வாக்குப் போட்டாலும் கடைசி இரண்டிலிருந்து அவரைத் தூக்க முடியாது. கடைசியில் மூன்று பேரையுமே இறுதிக்கு அனுப்பினார்கள். வென்றது யார்? டொம்.

அதே வருடம்தான் செய்தியாளர் ஜோன் சார்ஜன்ட் போட்டியில் ஆடினார். நடுவர்கள் என்ன சொன்னாலும் சனம் அவரைக் காப்பாற்றியது. கடைசியில், வென்றுவிடுவேனோ என்ற யோசனையில் அவரே விலகிவிட்டார். எனக்கு அன்று கவலையாக இருந்தது. அவர் நன்றாக ஆடினார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அறுபது வயது தாண்டிய மனிதர் தெரியாத ஒன்றைக் கற்க வந்து நின்றார். அதற்குத்தான் நான் வாக்குப் போட்டேன்.

நடுவர்கள் தரையை ஒட்டித்தான் இருக்கிறார்கள், காலை அவர்கள் பார்க்கட்டும். இறுதிப் போட்டியில் அவர்களுடைய புள்ளி கணக்கிலேயே சேராது, வழிகாட்ட மட்டும்தான். முதல் வாரம் எப்படி நின்றார், இப்போது எப்படி நிற்கிறார், அதைத்தான் நான் பார்ப்பேன். 2006 இல் மார்க் ராம்பிரகாஷை நினைவிருக்கிறதா? கிரிக்கெட் ஆடிய மனிதர். சல்சாவின்போது மைக் சிக்கி, ஆட்டத்தை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினார்கள். இரண்டாவது முறை அவர் ஆடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்கு முந்தைய வருடம் வென்ற டரன் கோஃபும் கிரிக்கெட்காரர்தான். பந்துக்குக் காலை நகர்த்திப் பழகினவர்களுக்குத் தாளத்துக்கு நகர்த்துவது கைவந்துவிடுகிறது போல.

---

இளங்கோ (பிரஸ்டன்):

வாசுகி மேடம், காலைப் பார்க்க வேண்டும் என்றால் பிளாக்பூலுக்கு வாருங்கள். ஸ்ட்ரிக்ட்லி வருஷா வருஷம் போகிற அந்த டவர் பால்ரூம் என்ற நடனக்கூடம் மற்ற நாட்களில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. போன கோடையில் மதுரையிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போனேன். ஒருவர் வுர்லிட்சர் ஆர்கன் வாசிக்கிறார், எழுபது எண்பது வயது ஜோடிகள் எழுந்து ஆடுகிறார்கள். டீ வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

தரையைச் சொல்ல வேண்டும். மகோகனி, ஓக், வால்நட் என்று 30,602 மரத்துண்டுகள் சேர்த்து இழைத்தது. நாங்கள் மேல் மாடத்தில் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் முகம் சரியாகத் தெரியாது, கால் மட்டும்தான் தெரியும். அம்மா ஒரு பெரியவரைக் காட்டி, "அவர் தரையை மிதிக்கவே இல்லைடா, தடவிக்கிட்டே போறார்" என்றார். அந்த ஆட்டம் ஃபாக்ஸ்ட்ராட். அம்மாவுக்கு அந்தப் பெயரே தெரியாது.

---

வாசுகி (ஹாரோ):

எல்லோருக்கும் நன்றி. நாகேஸ்வரி அக்கா, அந்த 13, 14 கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷமும் எனக்குப் பிடித்தவர் பட்டியலின் மேலே இருந்தால், "இவர் தப்பித்துவிடுவார்" என்று ஓட்டே போடாமல் இருந்திருக்கிறேன். 2018 இல் ஆஷ்லிக்கு நான் மொத்தம் எத்தனை முறை போட்டேன் என்று யோசித்தால் ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை. இனி அப்படி நடக்காது.

ஆனால் காலை நடுவர்களிடம் விட்டுவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 ஐ நினைத்துப் பாருங்கள். ரோஸ் எய்லிங் எல்லிஸ், நிகழ்ச்சியில் ஆடிய முதல் காது கேளாத போட்டியாளர். தன் நடன ஜோடி ஜொவானி பெர்னிசேயுடன் ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் இசை நின்றுபோனது. அப்படித்தான் அமைத்திருந்தார்கள். சத்தமே இல்லாமல் இருவரும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள், மறுபடி இசை வந்து சேர்ந்தபோது தாளம் நழுவவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் அதை நெகிழ்ச்சி என்றார்கள். எனக்கு அதற்கு மேலும் ஒன்று தெரிந்தது. நட்டுவாங்கம் (ஆட்டத்துக்குத் தட்டும் தாளம்) நின்றபோதும் தாளத்தை உடம்புக்குள் வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் டீச்சர் தாளத்தை நடுவில் நிறுத்திவிட்டு எங்களை ஆடச் சொல்வார். நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கழித்து மறுபடி தட்டுவார், பாதிப் பேர் தள்ளி நிற்போம். ரோஸ் எல்லா வாரமும் எண்ணிக்கையையும் கூட ஆடுபவரின் உடல் அசைவையும் பிடித்துக்கொண்டு ஆடியவர். அந்தச் சில வினாடிகள் அவருடைய கணக்கு எவ்வளவு சுத்தம் என்பதற்குச் சாட்சி. அவர் வென்றது பரிதாபத்தால் என்று சொன்னவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். 2024 இல் பார்வையற்ற கிறிஸ் மெக்காஸ்லண்ட் வென்றபோதும் அதே சண்டை. நடன ஜோடி டயான் பஸ்வெல் காட்டுகிற அடியைக் கண்ணால் பார்க்காமலே உடம்பில் ஏற்றிக்கொண்டவர் அவர். முகத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்த உழைப்பு தெரியாது.

இளங்கோ, உங்கள் அம்மா சொன்ன "தடவிக்கிட்டே போறார்" என்பதைவிட ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் வருகிறோம். மேல் மாடத்தில்தான் இடம் பிடிக்கப்போகிறேன்.

சேகர், நீங்கள் முகத்துக்குப் போய்விடும் அந்த வினாடியைப் பற்றி எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மகளின் அரங்கேற்றம் அடுத்த ஆகஸ்டில், நீங்களே எடுத்துத் தர முடியுமா? அசையாத அந்தக் கேமரா கண்டிப்பாக வேண்டும். நெருக்கத்துக்கு வைக்கும் கேமராவும், அவள் தவறவிட்டால் தவறவிட்ட இடத்திலேயே இருக்கட்டும். இது நான் கேட்பதில்லை, அவள் கேட்கச் சொன்னது.