"கூலி" தமிழ்ச் சொல்லா, சீனச் சொல்லா?

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ், பினாங்கு):

வணக்கம். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் புது மெஷின் பொருத்த ஜெர்மனியிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு மற்றவரிடம் ஏதோ கேட்டார். அதில் "கூலி" என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற எங்கள் டெக்னீஷியன் அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவருடைய அப்பா அம்மா இருவரும் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். "நம்மளத்தான் சொல்றான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ஜெர்மன்காரர் கேட்டதோ பேனாவை.

மத்தியானம் சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சு. கூட வேலை செய்யும் சீனப் பெண், "அது எங்கள் சொல். கூ என்றால் கசப்பு, லி என்றால் பலம். கசப்பான உழைப்பு" என்றார். மலாய் நண்பர் ஒருவர், "குலி பாத்தாக் மாதிரி உழைக்கிறேன் என்று எங்கள் வீட்டில் சொல்வார்களே, மலாய்தான்" என்றார். நான் தமிழ் என்றேன். எப்படி என்று கேட்டபோது எடுத்துக்காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

இது ஒரே சொல் ஊர் ஊராகச் சுற்றி வந்ததா, இல்லை வேறு வேறு சொற்கள் ஒரே ஓசையில் இருக்கின்றனவா? தெரிந்தவர்கள் ஆதாரத்தோடு எழுதினால் அந்த அண்ணனிடமும் காட்டுவேன்.

புடு பாலா (கோலாலம்பூர்):

சீனப்பள்ளியில் படித்தவன் நான். அந்தத் தோழி சொன்ன எழுத்துகள் சரி, மாண்டரினில் அப்படித்தான் எழுதுவார்கள். பொருளும் சரி. ஆனால் சொல் அங்கே பிறக்கவில்லை. எங்கள் புடு சந்தையில் ஒரு பாகற்காயை எடுத்துப் பார்த்தாலே விளங்கும். "கசப்பு" என்ற அந்த எழுத்தைக் கண்டோனீஸில் "ஃபூ" என்று படிக்க வேண்டும், பாகற்காய் "ஃபூ க்வா". அப்படியானால் கசப்பு, பலம் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்தால் "ஃபூ லிக்" என்றுதான் வரும். கண்டோனீஸ்காரர்கள் பேச்சில் சொல்வது "கூலெய்". பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனிலும் கசப்பு "கோ"தான், "கூ" இல்லை. வெளியிலிருந்து வந்த ஓசைக்கு, பொருளும் பொருந்துகிற மாதிரி எழுத்துத் தேடி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு அழகாகப் பொருந்தியதால்தான் அவர்களுக்கே அது சொந்தச் சொல்லாகத் தெரிகிறது.

பிறை டீச்சர் (செபராங் பிறை):

தம்பி, தமிழ் என்று நீங்கள் சொன்னதற்குப் பிடிமானம் நிறைய இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய காலம் முழுக்க இந்தச் சொல்லோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் குறள். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." ஆள்வினையுடைமை அதிகாரம், 619ஆவது குறள். ஐரோப்பியக் கப்பல் நம் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே சொல் இங்கே இருக்கிறது. என்ன பொருளில்? வருந்தி உழைத்த உடம்புக்கு வந்து சேர வேண்டியது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் கூலிக்கு இதே ஊதியப் பொருள் உண்டு. நான்கு மொழியில் இப்படி வேர்விட்ட சொல்லைச் சீனத்திலிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது.

லெபோ பினாங்கு நகைக்கடைகளுக்குப் போயிருப்பீர்கள். சங்கிலியை நிறுத்துவிட்டு, செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். கல்யாண நகை வாங்கப் போகிற பெண்வீட்டார் செய்கூலியைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேசுவார்கள், அந்தச் சொல்லில் யாருக்கும் இழிவு தோன்றாது. மாவு மில்லில் அரைகூலி, தையற்கடையில் தையல்கூலி, சாமான் வந்தால் ஏற்றுகூலி இறக்குகூலி. கூலிக்கு மாரடிப்பது என்கிறோமே, அங்கேயும் கூலி என்பது காசுதான். ஆளைக் குறிக்கத் தமிழில் இன்னொன்று சேர்த்தாக வேண்டும்: கூலியாள், கூலிக்காரர். கப்பலேறியபோது அந்த "ஆள்" கழன்று விழுந்துவிட்டது. கைக்கு வர வேண்டிய காசின் பெயரை மனிதன் தலையில் ஒட்டிவிட்டார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். பிறகு நாமும் அதைத் திரும்ப வாங்கி, ஆளையே கூலி என்று சொல்லப் பழகிவிட்டோம்.

மலாயில் ஊதியத்துக்கு ஊப்பா என்ற சொல் இருக்கிறது. குலி அங்கே ஆளைத்தான் குறிக்கிறது. டச்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நம் தீவிலிருந்து ஜலசந்தியைத் தாண்டினால் சுமத்ராவின் டெலி. அங்கே புகையிலைத் தோட்டங்களுக்காக 1880இல் கூலிச் சட்டம் என்றே ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தை விட்டு ஓடினால் தண்டனை. சீனத் தொழிலாளர்கள் பலர் பினாங்கு வழியாகத்தான் அங்கே போனார்கள். அந்தச் சட்டத்தில் கூலி என்றால் காசு இல்லை, கட்டுண்ட மனிதன். மலாயாவில் நம்மவர்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது, கங்காணி வழி ஆள் சேர்ப்பது 1938இல்தான் நின்றது. டெக்னீஷியன் அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்காக 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, "கூலி" என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குஜராத் பக்கத்துக் கோலி மக்களின் பெயரைத்தான் முதலில் சொல்கிறது, தமிழ்க் கூலியை அடுத்து வைக்கிறது. துருக்கி மொழியில் "குல்" என்றால் அடிமை. 1591இல் ஹைதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா பெயரில் இருப்பது அந்தக் குலி. இந்தி பேசும் ஊர்களின் ரயில் நிலையக் குலிக்கு அதுவே மூலம் என்று கருதுவோரும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், கோலி என்ற பெயர் போர்த்துக்கீசியர் காதில் முன்னால் விழுந்திருக்கலாம், ஆனால் அந்தச் சொல்லுக்கு வேலை, சம்பளம் என்ற உயிரைக் கொடுத்தது நம் கூலிதான். அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் இல்லையா?

பங்சார் நிலா (கோலாலம்பூர்):

ஜெர்மன் படிக்கிறேன், பேனா விஷயத்தை நான் சொல்கிறேன். குண்டுமுனைப் பேனாவுக்கு அங்கே "கூகல்ஷ்ரைபர்" என்று பெயர். கூகல் குண்டு, ஷ்ரைபர் எழுதுவது. இழுத்துச் சொல்லச் சோம்பல்பட்டு "கூலி" ஆக்கிவிட்டார்கள். அந்த மனிதர் யாரையும் இழிவாகப் பேசவில்லை. ஆனால் ஹாம்பர்க்கில் 1928 வாக்கில் "டின்டன்கூலி" என்று ஒரு பேனா விற்றார்கள். டின்டன் என்றால் மை. இந்தக் கூலி உழைப்பாளிதான். மை சுமக்கிற கூலியாள். ஆக, பேனாவின் செல்லப் பெயருக்குள்ளும் நம் சொல் ஓர் ஓரத்தில் இருக்கலாம்.

அப்புறம், வெறும் ஓசை ஒற்றுமையும் உண்டு. மலாயில் விரிவுரையைக் குலியா என்கிறோம், அது அரபு. டோங்கா மொழியில் குலீ என்றால் நாய், மாவோரியில் அதுவே குரீ. இவற்றுக்கும் நம் கூலிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தீவுக்காரன்:

டீச்சர், பாலா அண்ணா, நிலா, மூவருக்கும் நன்றி. செய்கூலி விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டார். போன மாதம்தான் மகளுக்கு வளையல் வாங்கினாராம். சீனத் தோழி பாகற்காய்க் கணக்கைக் கேட்டுவிட்டு, தன் பாட்டியிடம் ஹொக்கியனில் சொல்லச் சொல்லிக் கேட்கப் போகிறார். அண்ணன் ஒன்று கேட்கிறார்: ஆளைக் கூலி என்று அழைப்பதை வேறு எங்கேயாவது மாற்றியிருக்கிறார்களா?

பிறை டீச்சர்:

மாற்றியிருக்கிறார்கள். மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய துறைக்குக் கூலி காட் என்று பெயர் இருந்தது. இப்போது அது ஆப்ரவாசி காட், அதாவது குடியேறியவர்களின் துறை. 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகச் சேர்த்ததும் அந்தப் பெயரில்தான்.

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், தங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள், மேஸ்திரியான மண்டோர் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.