ரோட்பிளாட் விலகியதால் என்ன மாறியது?

கேள்வி: இயற்பியல் ஆசிரியர்

பன்னிரண்டாம் வகுப்பில் அணுக்கருப் பிளவை நடத்தும்போதெல்லாம் ஜோசப் ரோட்பிளாட்டைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். வார்சாவில் பிறந்த அவர், 1939-இல் ஜேம்ஸ் சாட்விக்கிடம் பணியாற்ற லிவர்பூல் வந்தார். 1944-இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டம் நடந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குச் சென்றார். ஜெர்மனி அணுகுண்டு முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று தெரிந்ததும் அதே ஆண்டின் டிசம்பரில் திட்டத்தை விட்டு வெளியேறினார். மனச்சான்றின் பொருட்டு அவ்வாறு வெளியேறியவராக அறியப்படுபவர் அவர் ஒருவரே.

இம்முறை ஒரு மாணவி எழுந்து, "அவர் போனதால் குண்டு செய்வது நின்றுவிட்டதா, ஐயா?" என்று கேட்டாள். நிற்கவில்லை, எட்டாம் மாதத்தில் ஹிரோஷிமா எரிந்தது. அப்படியானால் ஒருவர் தனியாக விலகி நிற்பதற்கு அவருடைய மனநிறைவைத் தாண்டிப் பொருள் உண்டா? இயற்கையின் விதிகளைக் கண்டு சொல்வதோடு அறிவியலாளரின் கடமை முடிந்துவிடுகிறது, பயன்பாட்டைச் சமூகம் தீர்மானிக்கட்டும் என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மறுமொழி 1: வரலாற்று வாசகர்

மாணவியின் கேள்வி சரியான இடத்தில்தான் தொடுகிறது. அவர் விலகியது எதையும் மாற்றவில்லை. அதற்கான காரணத்தையும் கவனிக்க வேண்டும். 1944 மார்ச்சில் சாட்விக்கின் வீட்டு விருந்தில், குண்டின் உண்மையான நோக்கம் சோவியத்தை அடக்குவதே என்று திட்டத்தின் தலைவரான ஜெனரல் குரோவ்ஸ் சொன்னதைக் கேட்டு ரோட்பிளாட் அதிர்ந்தார். சோவியத் அப்போது நாஜிகளோடு போரிட்டுக்கொண்டிருந்த நேச நாடு. ஆனாலும் அவர் வெளியேறியபோது உண்மையான காரணத்தைச் சக ஊழியர்களிடம் சொல்லவில்லை. வார்சாவில் சிக்கிக்கொண்ட மனைவியைப் பற்றிய கவலையே வெளியில் சொல்லப்பட்ட காரணம். (அந்தக் கவலையும் பொய்யன்று, மனைவி தோலா நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்டார்.) வாய் திறவாமல் நிகழ்ந்த விலகல் எவரையும் சிந்திக்க வைக்க வழியில்லை.

அவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நம்மிடமும் குண்டு இருந்தால் ஹிட்லர் அதைப் பயன்படுத்த அஞ்சுவான் என்று நம்பியே திட்டத்தில் சேர்ந்ததாகவும், அழிவின் விளிம்பில் நிற்கும் ஹிட்லரைப் போன்ற ஒருவனிடம் அந்த அச்சம் வேலை செய்திருக்காது என்பதைப் பின்னரே உணர்ந்ததாகவும் 1985-இல் ஒரு கட்டுரையில் அவரே எழுதினார்.

மறுமொழி 2: மருத்துவக் கதிரியல் பணியாளர்

என் துறைக்கு ரோட்பிளாட் நெருக்கமானவர். போருக்குப் பின் அவர் லண்டனில் உள்ள புனித பர்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகி, கதிர்வீச்சு உயிர்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதையே ஆராய்ந்தார். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை இந்தக் காலத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா 15 மெகாடன் ஆற்றல் கொண்ட ஐதரசன் குண்டைச் சோதித்தது. தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் 23 பேர் மீதும் கதிரியக்கச் சாம்பல் படிந்தது. வானொலி இயக்குபவரான குபோயாமா அந்தச் செப்டம்பரில் இறந்தார். சாம்பலைப் பற்றிய ஜப்பானிய அளவீடுகளைப் பெற்ற ரோட்பிளாட், ஆற்றலின் பெரும்பங்கு அணு இணைவிலிருந்து (ஐதரசன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதிலிருந்து) வந்திருந்தால் இவ்வளவு பிளவுக் கழிவு இருக்க முடியாது என்று கணக்கிட்டு, குண்டின் வெளியுறையில் இருந்த யுரேனியமும் பிளவுற்றிருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, அதை வெளியிட்டார். 1944-இல் மௌனமாக வெளியேறியவர் இப்போது எண்களோடு பேசினார்.

அறிவியலின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. அத்தகைய சாம்பலில் உள்ள கதிரியக்க ஸ்ட்ரான்சியம் எவ்வளவு எலும்பில் சேரும், அது என்ன செய்யும் என்பதை எங்களால் அளந்து சொல்ல முடியும். ஒரு நாட்டின் பாதுகாப்புக்காக வேறொரு நாட்டு மீனவர் அந்தத் தீங்கைச் சுமக்கலாமா என்பதை எந்த அளவுமானியும் சொல்லாது. ஆனால் அளவீட்டை மறைத்துவிட்டால், அதைத் தீர்மானிக்கும் உரிமை சமூகத்திடம் இருப்பதாகச் சொல்வது வெறும் சொல்லாகிவிடும்.

மறுமொழி 3: அரசறிவியல் மாணவர்

இதை ஏற்கிறேன், ஆனால் ஒரு தயக்கம் உண்டு. 1955 ஜூலையில், அணு ஆயுதங்களின் ஆபத்தை எச்சரித்த ரசல்-ஐன்ஸ்டைன் அறிக்கை வெளியானபோது அந்தச் செய்தியாளர் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ரோட்பிளாட். 1957 ஜூலையில் கனடாவின் பக்வாஷ் சிற்றூரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 அறிவியலாளர்கள் கூடியதற்கும் அவருடைய உழைப்பு முதன்மையானது. பனிப்போரின் இரு தரப்பினரும் அரசுகளின் சார்பில் இல்லாமல் தனிமனிதர்களாக அங்கே பேசினார்கள். எனினும் அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் செய்துகொண்ட 1963 அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வளிமண்டலச் சோதனைகளைத் தடுத்ததேயன்றி நிலத்தடிச் சோதனைகளைத் தடுக்கவில்லை. அறிவியலாளர்கள் கதவைத் திறக்கலாம். அதன் வழியே நடக்க வேண்டியவர்கள் ஆட்சியாளர்கள். பக்வாஷின் பங்கைப் பெருக்கிச் சொல்லாமலிருப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நான் இதுவரை கதையை 1944-இலேயே முடித்து வந்தேன். அதுவே என் பிழை. 1995-இல், அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த பக்வாஷ் அமைப்போடு அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, தம் 87-ஆம் வயதில், அறிவியலாளர்களுக்கும் மருத்துவர்களைப் போல ஓர் உறுதிமொழி வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதை முன்பே படித்திருந்தும், அதை இந்தக் கேள்வியோடு இணைத்துப் பார்க்கத் தவறிவிட்டேன். திங்கட்கிழமை பிகினிச் சாம்பல் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்த உறுதிமொழியில் என்ன இருக்க வேண்டும் என்று அந்த மாணவியிடமே முதலில் கேட்கப்போகிறேன்.