கால்சியம் விட்டதும் நகர்ந்த கோடு

தரமணியில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி செய்தபோது நடந்தது. மிக நுண்ணிய எடையை அளக்கும் என் கருவியின் உயிர், சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு குவார்ட்ஸ் தகடு. இரு பக்கமும் தங்கப் பூச்சு. மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும். மேலே ஏதாவது ஒட்டினால் அதிர்வெண் இறங்கும். 1959-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சாவர்பிரே தந்த சமன்பாட்டின்படி ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மயிலாப்பூரில் மாமா மிருதங்கத் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவையைப் பிசைந்து அப்பி சுருதி இறக்குவதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது.

மே மாதம்தான் பாடாய்ப் படுத்தும். ஏசி ஒரு டிகிரி ஆடினாலே தண்ணீரின் பாகுத்தன்மை மாறி, திரையில் அதிர்வெண்ணைக் காட்டும் கோடு சாய்ந்துவிடும். அதனால் சோதனையை ராத்திரியில்தான் ஓட்டுவேன்.

அப்படி ஒரு ராத்திரி, தங்கத்தின் மேல் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் புரதத்தை ஒட்டவைத்து, கால்சியம் கலந்த பஃபரை (அமில-காரத் தன்மை மாறாமல் காக்கும் கரைசலை) விட்டேன். கோடு நகர்ந்தது. 'கால்சியத்தின் எடை' என்று நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் மேடம் பார்த்துவிட்டு, "கணக்குப் போட்டுப் பாத்தியாம்மா?" என்றார்.

போட்டேன். கால்மோடுலின் சுமார் 16,700 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). அது பிடிக்கும் 4 கால்சியமும் சேர்ந்தே 160தான். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. திரையில் தெரிந்ததோ அதைப்போலப் பல மடங்கு! கால்சியத்துக்கு மட்டும்தான் நகர்கிறதா என்று பார்க்க, அப்புறம் அதே செறிவில் மக்னீசியம் விட்டேன், கோடு அசையவே இல்லை. கால்சியத்தைப் பிடுங்கும் ஈஜிடிஏ விட்டதும் கோடு பழைய இடத்துக்கே வந்தது. எடை மட்டும் இல்லை, புரதம் வடிவம் மாறுவதையும் கூடவே சுமக்கும் தண்ணீர் மாறுவதையும் சேர்த்தே தகடு சொல்லியிருக்கிறது. மாமாவிடம் சொன்னபோது, "ஈர ரவையும் காஞ்ச ரவையும் ஒரே நாதமா குடுக்கும்?" என்றார். அன்றிலிருந்து அதிர்வெண்ணை மட்டும் வைத்து நான் எதையும் எழுதுவதில்லை. அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

பதில்: அக்கா, நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். ஆன்டிபாடி ஒட்டிவிட்டது என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த பஃபர் சூடாகி வந்த காற்றுக்குமிழி அது. இப்போது முதல் நாளே வெளியே எடுத்துவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் விடுகிறேன். உங்கள் மக்னீசியம் சோதனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன்.