135ஆம் தெருவும் அதற்கு அப்பாலும்: அமெரிக்கக் கறுப்பின, லத்தீனோ நூல்களோடு நம் அனுபவங்கள்

நியூயார்க்கிலிருந்து:

கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் ஹார்லம் பகுதியின் 135ஆம் தெருவில் ஒரு ஜூலை மாதம் நடந்த புத்தகத் திருவிழாவில் ஒரு கடைக்கு உதவியாக நின்ற நாளை எழுதுகிறேன். வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத் தெருவிலேயே மேசை போட்டிருந்தார்கள். எங்கள் வரிசையில் இருந்த கறுப்பின எழுத்தாளர்கள் பலர் தம் நூல்களைச் சொந்தக் காசில் அச்சிட்டு, அட்டைப் பெட்டிகளில் தாமே சுமந்து வந்தவர்கள். நான் வழக்கமாகச் செல்லும் கடையில் பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்துக்காக முன்வரிசைக்கு வந்து மார்ச்சில் காணாமல் போகும் இத்தகைய நூல்களை, அங்கே மக்கள் காய்கறி பொறுக்குவதுபோல் நிதானமாகப் புரட்டிப் பார்த்து வாங்கினார்கள்.

வெயில் தாளாமல் அருகிலிருந்த ஷோம்பர்க் ஆய்வு மையத்துக்குள் போனேன். தரையில் பித்தளைக் கோடுகள் பதித்த பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில்தான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி உள்ளது. எனக்குப் பின்னால் வந்த மூதாட்டி ஒருவர், வட்டத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிச் சென்று, புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். அவர் போகும் வரை நானும் அசையவில்லை.

மையத்துக்குப் பெயர் தந்த ஆர்த்தூரோ ஷோம்பர்க், 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கறுப்பினத்தவர். அவர் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் 1926இல் 10,000 டாலர் நன்கொடையைக் கொண்டு நியூயார்க் பொது நூலகம் வாங்கி, இதே தெருவிலிருந்த கிளையில் வைத்தது. அதே கிளையில் 1921இல் பணிக்குச் சேர்ந்தவர், அந்நூலகத்தின் முதல் போர்ட்டோ ரிக்கோ நூலகரான பூரா பெல்ப்ரே. குழந்தைகளுக்கு ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கதை சொன்னவர். கறுப்பின இலக்கியம், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்தோர்) இலக்கியம் என்று நாம் இரண்டு அலமாரிகளாகப் பிரித்து வைப்பது அந்தத் தெருவில் நிற்கும்போது எனக்குப் பொருளற்றதாகப் பட்டது.

ஹூஸ்டனிலிருந்து:

அக்கா, பெல்ப்ரே பெயரைப் பார்த்ததும் என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. நிக்கோலாஸ் கனேயோஸ் 1979இல் தொடங்கிய ஆர்த்தே பூப்ளிக்கோ பதிப்பகம் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் இயங்குகிறது. சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' நாவல் 1984இல் முதலில் வெளிவந்தது இங்கிருந்துதான். அவர்களுடைய சிறுவர் பிரிவான பின்யாத்தா வெளியிடும் இருமொழிப் படக்கதைகளை வாங்க, நான் பணிபுரியும் பள்ளியில் அனுமதி பெறுவதற்கே இரண்டு ஆண்டுகள் ஆயின.

வகுப்பில் வாய் திறந்து வாசிக்காத ஒரு சிறுவன், 'அபுவேலா' என்ற ஸ்பானியச் சொல்லைப் பார்த்ததும் விரலை அதன்மேல் வைத்து, "எங்கள் பாட்டியை இப்படித்தான் கூப்பிடுவோம்" என்றான். அன்று புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டான். திருப்பிக் கொண்டுவந்தபோது நடுப்பக்கத்தில் மருந்துக்கடை ரசீது ஒன்று செருகியிருந்தது. பாட்டி அதுவரைதான் படித்திருக்கிறார், இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றான்.

டெட்ராய்ட்டிலிருந்து:

சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் நான் கண்டது ஒரே ஒரு தாள். எங்கள் ஊர் நூலகரும் கவிஞருமான டட்லி ராண்டல் 1965இல் பிராட்சைட் பதிப்பகத்தைத் தொடங்கியபோது, நூல் அச்சிடாமல் ஒரு கவிதைக்கு ஒரு தாள் என்றே வெளியிட்டார். 1963இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த நான்கு சிறுமியரைப் பற்றிய அவருடைய கவிதைதான் முதல் தாள். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரான குவெண்டலின் புரூக்ஸ், பெரிய நியூயார்க் பதிப்பகத்தை விட்டு இந்தச் சிறு பதிப்பகத்துக்குத் தம் கவிதைகளைத் தந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் நான் பார்த்த தாளில் நான்காக மடித்த தடம் இருந்தது. மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது. அவருடைய தந்தை வேலைக்குப் போகும்போது அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பாராம்.